வெளியேறியவன் உள்ளேயே இருந்தான்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரவு எட்டரை மணி இருக்கும். எதிர்வீட்டு அக்கா கதவைத் தட்டினார். கையில் திறந்தபடியே மடிக்கணினி. அவருக்குப் பின்னால், அழுது சிவந்த கண்களோடு அவருடைய மகள். தொடக்கநிலை 5 படிக்கிறாள்.

“தம்பி, நீங்க கம்ப்யூட்டர் வேலைதானே பாக்குறீங்க? இதக் கொஞ்சம் பாருங்க. டியூஷன்ல இவ கணக்கு டெஸ்ட் எழுதவே இல்லன்னு மெசேஜ் அனுப்பியிருக்காங்க. இவ எழுதிட்டேன்னு அழுவுறா. யார நம்புறதுன்னே தெரியல.”

“நான் எழுதினேன் அங்கிள். நாப்பது மார்க். கடைசியா ரெண்டு டிரெய்ன் கணக்கு வந்துச்சு.”

“அது உன் அண்ணன் சொல்லியிருப்பான்,” என்றார் அக்கா.

அண்ணன் என்றால் நான்கு நிமிடம் மூத்தவன். இருவரும் இரட்டையர். ஒரே பள்ளி, ஒரே டியூஷன், வீட்டில் இருவருக்கும் ஒரே மடிக்கணினி. உட்லண்ட்ஸில் எங்கள் புளோக்கில் பல வீடுகளில் இதுதான் நிலைமை.

அந்த டியூஷன் நிலையத்தின் பெயர் இங்கே தேவையில்லை. நன்றாகவே சொல்லித் தருகிறார்கள். அவர்களுடைய இணையத்தளத்தில் முகப்பு ஒரு முகவரி. அதே பெயருக்கு முன்னால் ‘பாடம்’ என்று சேர்த்தால் காணொளிப் பாடங்கள். ‘தேர்வு’ என்று சேர்த்தால் வாராந்தரத் தேர்வு. ‘கட்டணம்’ என்று சேர்த்தால் பெற்றோர் பணம் கட்டும் பக்கம். இப்படி ஒரு முகவரிக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வருபவற்றைச் சப்டொமைன் என்பார்கள். துணை முகவரி என்று வைத்துக்கொள்வோம். பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே தளம். பின்னால் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் தனித்தனி மென்பொருள்கள், தனித்தனி ஆட்கள் எழுதியவை.

மகளின் பெயரில் உள்நுழைந்தேன். முகப்பில் அவள் பெயர் சொல்லி வரவேற்றது. தேர்வுப் பக்கத்துக்குப் போனேன். அங்கே பெயரே இல்லை. மூலையில் இருந்த மூன்று கோடுகளை அழுத்தி, உள்ளே இன்னொன்றை அழுத்திய பிறகுதான் தெரிந்தது. இருந்தது அண்ணன் பெயர்.

அவனையும் கூப்பிட்டு வரச் சொன்னேன். வந்தவன் வாசலிலேயே நின்றான்.

“எனக்கு முப்பத்தொண்ணுதான் வந்துச்சு அங்கிள். அப்புறம் பாத்தா முப்பத்தெட்டுன்னு இருந்துச்சு. சார் திருத்திட்டாருன்னு நெனச்சேன்.”

அக்கா அவனைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெம்பில்லை. ஆனால் அவன்மேல் தப்பில்லை. சாயந்தரம் அவன் தேர்வு எழுதி முடித்து, முறையாக ‘வெளியேறு’ என்பதை அழுத்திவிட்டுத்தான் எழுந்திருக்கிறான். இரவு உணவுக்கு முன் தங்கை தன் மறைச்சொல்லைப் போட்டு உள்ளே போய்த் தேர்வு எழுதியிருக்கிறாள். அவள் எழுதியது அவன் கணக்கில் போய் விழுந்துவிட்டது.

இது எப்படி நடந்தது என்று புரிய, இணையத்தின் பழைய குறை ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இணையத்தளத்துக்கு நினைவு கிடையாது. நீங்கள் ஒரு பக்கத்தைக் கேட்கிறீர்கள், அது தருகிறது, மறந்துவிடுகிறது. அடுத்த நொடி இன்னொரு பக்கம் கேட்டால், அதற்கு நீங்கள் புது ஆள். 1994ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொண்டுல்லி என்ற பொறியாளர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். இணையத்தில் கடை வைப்பவர்களுக்கு, வாடிக்கையாளர் கூடையில் என்ன போட்டார் என்பது நினைவிருக்க வேண்டுமே! தளம் ஒரு சிறு குறிப்பை உங்கள் உலாவியிடம் கொடுக்கும். அடுத்த முறை வரும்போது உலாவி அதைத் திருப்பிக் காட்டும். அதுதான் குக்கீ.

பொருட்காட்சி நுழைவாயிலில் கையில் குத்தும் முத்திரை போன்றது அது. மறைச்சொல்லைச் சரியாகப் போட்டால், தளம் யாராலும் யூகிக்க முடியாத ஒரு நீண்ட எண்ணை முத்திரையாகக் குத்துகிறது. அந்த எண் யாருக்கு உரியது என்று தன்னிடம் ஒரு பட்டியலில் எழுதி வைத்துக்கொள்கிறது. முத்திரை செல்லும் காலம்வரை உள்ளது ஒரு செஷன். ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. முத்திரை விழுவது ஆளின் கையில் இல்லை, மடிக்கணினியின் கையில்.

அந்த முத்திரை எந்தெந்த வாசலில் செல்லும் என்பதைக் குத்துபவர் முடிவு செய்கிறார். எதுவும் குறிப்பிடாமல் குத்தினால், குத்திய அந்த முகவரிக்குள் மட்டும் செல்லும். ‘முழுப் பெயருக்கும்’ என்று குறிப்பிட்டுக் குத்தினால், அந்தப் பெயரின்கீழ் வரும் எல்லாத் துணை முகவரிகளுக்கும் உலாவி அதைக் காட்டும். ஒருமுறை உள்நுழைந்தால் பாடம், தேர்வு, கட்டணம் எல்லாம் திறப்பது இதனால்தான்.

அக்காவின் மடிக்கணினியில் குக்கீ பட்டியலைத் திறந்து பார்த்தேன். இரண்டு முத்திரைகள் இருந்தன. ஒன்று முழுப் பெயருக்கும் உரியது, தங்கையுடையது. இன்னொன்று தேர்வுப் பக்கத்துக்கு மட்டும் உரியது. தேர்வு மென்பொருள், முதல் முறை பெரிய முத்திரையைப் பார்த்து ‘சரி, இவன்தான்’ என்று உறுதி செய்துகொண்டு, பிறகு தன் வசதிக்குத் தனியாக ஒரு சின்ன முத்திரை குத்தியிருக்கிறது. 30 நாள் செல்லும். பையன் முகப்பில் ‘வெளியேறு’ அழுத்தியபோது பெரிய முத்திரை அழிந்தது. சின்னது அப்படியே இருந்தது. தங்கை வந்து புதிதாகப் பெரிய முத்திரை வாங்கிக்கொண்டு தேர்வுக் கூடாரத்துக்குள் போனாள். கூடாரக் காவலர் அதைப் பார்க்கவே இல்லை. தன் முத்திரை கையில் இருக்கிறதா, இருக்கிறது, உள்ளே போ.

நான் இதை மூன்று முறை செய்து பார்த்தேன். அண்ணனாக உள்ளே போய், வெளியே வந்து, தங்கையாக உள்ளே போனால், மூன்று முறையும் தேர்வுப் பக்கத்தில் அண்ணன்தான். மூன்றாம் முறை முடிந்ததும் அக்கா மகளின் தலையில் கை வைத்தார். ஒன்றும் பேசவில்லை.

இது ஏதோ சின்ன நிறுவனத்தின் கவனக்குறைவு என்று நினைக்க வேண்டாம். இதில் சறுக்குவது மிகச் சுலபம். எங்கள் தொழிலில் இருக்கும் இளையர்களிடம் நேர்முகத் தேர்வில் நான் கேட்கும் கேள்வியே இதுதான்: வெளியேறு என்று அழுத்தினால் எங்கிருந்தெல்லாம் வெளியேற வேண்டும்? பலர் ‘குக்கீயை அழித்துவிடலாம்’ என்பார்கள். எந்தக் குக்கீயை என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சரி, வீட்டுப் பிள்ளைகளின் தேர்வை விடுங்கள். இந்த நாட்டில் எல்லோரும் பயன்படுத்தும் உள்நுழைவு ஒன்று இருக்கிறது, சிங்பாஸ். 2003 மார்ச்சில் தொடங்கியது. இன்று 2,000க்கும் மேற்பட்ட சேவைகளுக்கு அதுதான் கதவு. மத்திய சேம நிதிக் கழகத்தின் முகவரியும் வருமான வரி கட்டும் பக்கமும் தேசிய நூலக வாரியமும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகமும் எல்லாமே ‘கவ்.எஸ்ஜி’ என்றுதான் முடிகின்றன. அப்படியானால் ஒருமுறை சிங்பாஸில் நுழைந்தால் எல்லாம் திறக்க வேண்டும் அல்லவா? என் அப்பா கேட்பது இதுதான். மசே நிதிக் கணக்கைப் பார்த்துவிட்டு வரிப் பக்கத்துக்குப் போனால் மறுபடியும் கைப்பேசியை எடுக்கச் சொல்கிறது. “இப்பதானேடா ஸ்கேன் பண்ணேன். அதுக்குள்ள மறந்துடுச்சா?”

மறக்கவில்லை. தெரிந்துகொள்ளவே விடவில்லை. உலாவிகளுக்குள் ‘பொதுப் பின்னொட்டுப் பட்டியல்’ என்று ஒன்று இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லா தொடங்கி வைத்தது. எந்தெந்த முகவரி முடிவுகள் ஒரே ஆளுக்குச் சொந்தமானவை அல்ல, பலருக்குப் பொதுவானவை என்று அதில் எழுதியிருக்கும். ‘காம்.எஸ்ஜி’ அதில் உண்டு. அதன்கீழ் எந்தக் கடையும் பெயர் வாங்கலாம். அந்த முடிவு முழுவதற்கும் ஒரு கடை முத்திரை குத்த முடிந்தால், பக்கத்துக் கடைக்கெல்லாம் உங்கள் முத்திரை தெரிந்துவிடும். அதனால் உலாவி அப்படிப்பட்ட குக்கீயை ஏற்க மறுத்துவிடுகிறது. ‘கவ்.எஸ்ஜி’யும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. எல்லாம் ஒரே அரசாங்கம் என்றாலும், உலாவியின் கண்ணுக்கு ஒவ்வோர் அமைப்பும் தனித்தனி வீடு. நூலக வாரியம் தன் பட்டியல் பக்கத்துக்கும் மின்வளப் பக்கத்துக்கும் சேர்த்து ஒரே முத்திரை குத்தலாம், இரண்டும் அதன் வீட்டுக்குள் இருக்கும் அறைகள். வரி ஆணையத்தின் வீட்டுக்குள் அது செல்லாது.

அதனால் சிங்பாஸ் குக்கீயைப் பகிர்வதில்லை, ஆளை அனுப்பித் திரும்ப அழைக்கிறது. வரிப் பக்கம் உங்களைச் சிங்பாஸுக்கு அனுப்பும். அங்கே நீங்கள் க்யூஆர் குறியீட்டை வருடி உறுதிப்படுத்துகிறீர்கள். சிங்பாஸ் ஒருமுறை மட்டும் செல்லும் ஒரு சீட்டைக் கொடுத்து உங்களைத் திருப்பி அனுப்பும். வரி ஆணையத்தின் கணினி அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு, உங்கள் உலாவி வழியாக அல்லாமல் நேரடியாகச் சிங்பாஸிடம் போய், ‘இது யார்?’ என்று கேட்கும். கையெழுத்திட்ட பதில் வரும். அதன் பிறகுதான் தன் சொந்த முத்திரையைக் குத்தும். இந்த முறைக்கு ஓபன்ஐடி கனெக்ட் என்று பெயர். யூடியூபும் கூகளும் ஒரே நிறுவனம் என்றாலும் வேறு வேறு பெயர்கள் என்பதால், அங்கும் இப்படி ஆளை அங்கும் இங்கும் அனுப்பித்தான் சமாளிக்கிறார்கள். அது கண் இமைக்கும் நேரத்தில் நடப்பதால் நமக்குத் தெரிவதில்லை.

அப்பாவுக்கு எரிச்சல்தான். ஆனால் 2014 ஜூனில் 1,560 சிங்பாஸ் கணக்குகளில் உரியவர் அனுமதியின்றி யாரோ நுழைந்திருக்கலாம் என்று அறிவிப்பு வந்ததே, நினைவிருக்கிறதா? அப்போது வெறும் மறைச்சொல்தான். அடுத்த ஆண்டு ஜூலையில் இரட்டை மறைச்சொல் முறை வந்தது, 2018ல் கைப்பேசிச் செயலி வந்தது. ஒரு வாசலில் நுழைந்தவன் எல்லா அறைகளிலும் நுழைந்துவிடக் கூடாது என்றால், ஓய்வுக்காலப் பணம் இருக்கும் அறைக்கு மீண்டும் ஒருமுறை சாவி கேட்பது நியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

எங்கள் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 மார்ச் 19 முதல் காரில் போகிறவர்கள் கடவுச்சீட்டுக்குப் பதிலாக க்யூஆர் குறியீட்டைக் காட்டலாம். குடும்பத்தில் 10 பேர்வரை சேர்த்து ஒரே குறியீடு எடுத்துக்கொள்ளலாம். ஒரே முத்திரையில் எத்தனை பேர்! ஆனால் அங்கே அதிகாரி குனிந்து ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறார். டியூஷன் தளம் மடிக்கணினியை மட்டும் பார்த்தது.

முழுப் பெயருக்கும் குத்தும் பெரிய முத்திரையிலும் ஆபத்து உண்டு. ஒரு துணை முகவரியில் இருக்கும் எவரும் அந்த முத்திரையைப் பார்க்கலாம், தானே ஒன்றைக் குத்தியும் விடலாம். கிட்ஹப் நிறுவனம் ஒரு காலத்தில் பயனர்களின் சொந்தப் பக்கங்களைத் தன் முக்கியப் பெயரின்கீழேயே துணை முகவரிகளாக வைத்திருந்தது. முன்பின் தெரியாதவர்கள் எழுதிய நிரல்கள் தன் வீட்டு அறைக்குள்ளேயே ஓடுகின்றன என்பதன் பொருள் புரிந்ததும், 2013 ஏப்ரலில் அத்தனை பக்கங்களையும் ‘கிட்ஹப்.ஐஓ’ என்ற வேறு பெயருக்கு மாற்றியது. அந்தப் பெயரும் இப்போது பொதுப் பின்னொட்டுப் பட்டியலில் இருக்கிறது.

அவ்வளவு பெரிய நிறுவனமாக இருக்க வேண்டியதில்லை. தீபாவளிச் சலுகைக்காக ஒரு துணை முகவரி தொடங்குவோம். வெளியில் வாடகைக்கு எடுத்த இடத்தில் அது ஓடும். பண்டிகை முடிந்ததும் வாடகையை நிறுத்திவிடுவோம், ஆனால் அந்தப் பெயரை அங்கே சுட்டும் பதிவை அழிக்க மறந்துவிடுவோம். காலியான அந்த இடத்தை யாரோ எடுத்துக்கொண்டால், உங்கள் பெயரின்கீழ் அவர் குடியேறிவிட்டார். உள்நுழைந்த வாடிக்கையாளர் ஒருவரை அந்தப் பழைய இணைப்பை அழுத்த வைத்தால் போதும், பெரிய முத்திரை அவர் கைக்குப் போய்விடும். மறைச்சொல்லே வேண்டாம். இத்துறையில் வேலை செய்யும் தம்பி தங்கைகள் திங்கட்கிழமை அலுவலகம் போனதும், தங்கள் நிறுவனத்தின் பெயரின்கீழ் எத்தனை துணை முகவரிகள் உயிரோடு இருக்கின்றன என்று ஒரு பட்டியல் எடுத்துப் பாருங்கள். யாருக்கும் நினைவில்லாத ஒன்றாவது இருக்கும்.

இதே அறிவு குடும்பத்தில் மற்றவர்களுக்கும் உதவும். இணைய முகவரியைத் தமிழ்போல இடமிருந்து வலமாகப் படித்தால் ஏமாந்துபோவோம். வீட்டுச் சொந்தக்காரர் யார் என்பது வலக்கோடியில் இருக்கிறது. முதல் சாய்கோட்டுக்கு முன்னால் இருக்கும் பகுதியை எடுத்துக்கொண்டு, அதை வலமிருந்து படியுங்கள். ‘சிங்பாஸ்.கவ்.எஸ்ஜி’ என்றே முடிந்தால் அது அரசாங்கம். அதற்குப் பின்னால் இன்னொரு புள்ளி வைத்து வேறு ஏதோ பெயர் தொடர்ந்தால், சிங்பாஸ் என்பது யாரோ ஒருவர் தன் வீட்டு அறைக் கதவில் ஒட்டிய காகிதம். 2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கியின் பெயரில் வந்த போலிக் குறுஞ்செய்திகளால் ஏறக்குறைய 790 வாடிக்கையாளர்கள் 13.7 மில்லியன் வெள்ளியை இழந்தார்கள். அந்தச் செய்திகளில் இருந்த இணைப்புகள் போலி வங்கித் தளங்களுக்கு இட்டுச் சென்றன. 2024 ஜூலை முதல் அரசாங்கக் குறுஞ்செய்திகள் ‘கவ்.எஸ்ஜி’ என்ற ஒரே பெயரில்தான் வருகின்றன. பெரியவர்களுக்கு இது கொஞ்சம் எளிது.

எதிர்வீட்டுக்கு நான் செய்து கொடுத்த உடனடி ஏற்பாடு சாதாரணமானது. ஒரே மடிக்கணினியில், உலாவிக்குள் இரு பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பயனர் பக்கம். ஒருவருக்குப் பச்சை, ஒருவருக்கு ஊதா. முத்திரைகள் ஒன்றோடொன்று கலக்காது. நூலகத்தில் பொதுக் கணினியைப் பயன்படுத்துகிறவர்கள் வெளியேறு என்பதை அழுத்துவதோடு நிறுத்தாமல், உலாவியின் தனிப்பட்ட சாளரத்தில் வேலை செய்துவிட்டு அதை முழுதாக மூடிவிட்டு எழுந்திருங்கள். அது மூடும்போது பெரியது சின்னது என்று பார்க்காமல் எல்லா முத்திரைகளும் போய்விடும்.

டியூஷன் நிலையத்துக்கு அன்றிரவே எழுதினேன். என்ன நடந்தது, எப்படிச் செய்து பார்க்கலாம், எந்த இரண்டு குக்கீ என்று விவரமாக. ‘எழுதவில்லை’ என்று வந்த செய்தியால் ஒரு பிள்ளை வீட்டில் பொய்க்காரி ஆகிவிட்டாள் என்பதையும் சேர்த்தேன். அந்த வரியை முதலில் அழித்துவிட்டேன், பிறகு திரும்பப் போட்டேன். மென்பொருள் எழுதுகிறவருக்கு அது தெரிய வேண்டும்.

புதன்கிழமை பதில் வந்தது. அவர்களுடைய கணினிப் பதிவில் ஒரே பெயரில் இரண்டு விடைத்தாள்கள், இரண்டு மணி நேர இடைவெளியில் இருந்தனவாம். முதலாவது பையனுக்கு, இரண்டாவது தங்கைக்கு என்று மாற்றிவிட்டார்கள். வெளியேறும்போது மையப் பட்டியலிலேயே அந்த ஆளின் செஷன் அழியும்படி செய்திருக்கிறார்கள். தேர்வுப் பக்கம் ஒவ்வொரு முறையும் அந்தப் பட்டியலைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடும். தேர்வுத் தாளின் தலையில் மாணவர் பெயர் இப்போது பெரிதாக வருகிறது. இத்தனைக்குப் பிறகு எனக்கு மிகவும் பிடித்தது கடைசியாகச் சொன்ன அதுதான். அது முதலிலேயே இருந்திருந்தால் அந்தச் சிறுமியே கண்டுபிடித்திருப்பாள்.

அன்று மாலை மின்தூக்கியில் இரட்டையர் இருவரையும் பார்த்தேன். “முப்பத்தெட்டு வந்துடுச்சு அங்கிள்,” என்றாள் அவள். அம்மா காஸ்வே பாயிண்ட்டுக்கு அழைத்துப்போய் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாராம், இவளுக்கு மட்டும் இரண்டு. பையன் மின்தூக்கியின் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். எங்கள் மாடி வந்ததும் மெதுவாகக் கேட்டான்: “அங்கிள், அந்தப் பழைய மாதிரியே இருக்கிற வேற வெப்சைட் ஏதாவது இருக்கா?”